அடக்கி வாசித்த சார்லஸ் பிரவுன்

கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் சோல் இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் தேவாலயத்தைத்தான் காட்டுவார்கள். கைதட்டல், சேர்ந்து பாடும் சபை, போதகரின் ஒவ்வொரு வரிக்கும் எழும் எதிர்க்குரல், பாட்டின் உச்சத்தில் தொண்டை உடையக் கதறும் பாடகர். ரே சார்லஸ், சாம் குக், அரீதா ஃபிராங்க்ளின் எல்லோருமே அந்தச் சூழலில் ஊறியவர்கள். இந்தக் கதையில் பிழை இல்லை. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தும்போது ஓர் ஆள் விடுபட்டுப் போகிறார். கதறவே கதறாத ஒருவர். பியானோ முன்னால் உட்கார்ந்து, குரலை ஒரு படிகூட ஏற்றாமல், கறுப்பின அமெரிக்க இசையில் துயரம் ஒலிக்கும் விதத்தையே மாற்றியவர். சார்லஸ் பிரவுன்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். டிசம்பர் பிறந்தால் இவருடைய பாட்டுகள் அமெரிக்கா முழுக்க ஒலிக்கின்றன. பாடுவது பெரும்பாலும் வேறு யாரோ. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு முதலில் பாடியவர் பெயர் தெரியாது. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

1922 செப்டம்பர் 13ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் வளைகுடாவை ஒட்டிய டெக்சாஸ் சிட்டியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துபோனார். அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். பாட்டி கண்டிப்பானவர். பேரனைச் சபைக்குக் கூட்டிப்போனார், மேற்கத்திய செவ்வியல் பியானோவை முறையாகக் கற்க வைத்தார். பின்னாளில் பிரவுனின் விரல்களில் தெரியும் அந்தச் சுத்தம், ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு அவசரப்படாமல் கையெடுக்கும் பழக்கம், அந்த வீட்டிலிருந்து வந்ததுதான்.

படிப்பிலும் கெட்டிக்காரர். கறுப்பின மாணவர்களுக்காக நடந்த பிரெய்ரி வியூ கல்லூரியில் 1942இல் வேதியியல் பட்டம் பெற்றார். பேடவுன் என்ற ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அதற்கடுத்து ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பைன் ப்ளஃப் ஆயுதத் தொழிற்சாலை. அங்கே அவர் இருந்தது மஸ்டர்ட் வாயு என்ற நச்சு ஆயுதப் பிரிவில். அதையும் விட்டு கலிஃபோர்னியாவுக்குப் போய் ரிச்மண்ட் கப்பல் கட்டும் தளத்தில் எலக்ட்ரீஷியன் பயிற்சியாளராக இருந்தார். 1943இல் லாஸ் ஏஞ்சல்ஸ்.

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த வரிசை எனக்கு முக்கியம். போர்க்காலத்தில் டெக்சாஸிலிருந்தும் லூயிசியானாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் கப்பல் தளங்களையும் விமானத் தொழிற்சாலைகளையும் நம்பி கலிஃபோர்னியாவுக்கு வந்து இறங்கின. பிரவுனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் பாட்டைக் கேட்கப்போகிறவர்களும் அவர்களேதான். ஊரில் பருத்திக்காட்டில் வேலை செய்துவிட்டு, இப்போது வாரச் சம்பளம் வாங்கி, சனிக்கிழமை இரவு நல்ல கோட்டு போட்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின இரவு விடுதிகள் நிறைந்த சென்ட்ரல் அவென்யூவுக்கு வருகிறவர்கள். ஊர் நினைப்பு விடவில்லை. ஆனால் அந்தப் பழைய வயல்காட்டு ப்ளூஸை, தென் மாநிலக் கறுப்பினத்தவரின் துயரப் பாட்டை, அப்படியே கேட்கவும் மனமில்லை. துயரம் வேண்டும், அது இஸ்திரி போட்ட சட்டையோடு வர வேண்டும். இவர்களுக்கென்று ஓர் இசை தேவைப்பட்டது.

லிங்கன் தியேட்டரில் நடந்த புதியவர்களுக்கான போட்டி ஒன்றில் பிரவுன் மேடை ஏறினார். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' வாசித்தார். கூட்டம் இன்னொன்று கேட்டது. அவர் எடுத்தது 'வார்சா கான்செர்டோ', ஓர் ஆங்கிலப் படத்துக்காக எழுதப்பட்ட, ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினோவ் சாயலில் இருக்கும் பியானோ இசை. அந்தப் போட்டியில் முதல் பரிசு அவருக்குத்தான். ப்ளூஸும் கான்செர்டோவும் ஒரே இரவில், ஒரே கையில். அவருடைய பிற்கால இசை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோதான் இருக்கிறது. டியூக் எலிங்டனின் குழுவில் பாடிப் புகழ்பெற்ற ஐவி ஆண்டர்சன் நடத்திய சிக்கன் ஷாக் உணவகத்திலும் அந்தக் காலத்தில் பியானோ வாசித்தார்.

அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் பியானோ கலைஞரும் பாடகருமான நாட் கிங் கோலின் மூவர் குழு பெரிய பெயர் எடுத்திருந்தது. பியானோ, கிட்டார், பேஸ். டிரம்ஸ் கிடையாது. கோலின் கிட்டார் கலைஞர் ஆஸ்கர் மூர். அவருடைய அண்ணன் ஜானி மூரும் கிட்டார் கலைஞர். ஜானி மூர், பேஸ் வாசித்த எடி வில்லியம்ஸ், பியானோவுக்கும் பாட்டுக்கும் பிரவுன் என்று இன்னொரு மூவர் குழு உருவானது. பெயர், ஜானி மூர்ஸ் த்ரீ பிளேசர்ஸ். கோல் பெரிய அரங்குகளுக்கு நகர்ந்தபோது அவர் விட்டுப்போன இரவு விடுதிகளில் இவர்கள் நுழைந்தார்கள். குழுவின் பெயரில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1945 செப்டம்பர் 14. பிரவுனின் 23ஆவது பிறந்த நாளுக்கு மறுநாள். ஃபிலோ என்ற சின்ன ரெக்கார்டு கம்பெனிக்காக 'ட்ரிஃப்டிங் ப்ளூஸ்' பதிவானது. அன்றைக்கு மட்டும் டிரம்ஸுக்கு ஜானி ஓட்டிஸ் வந்திருந்தார்.

இந்தப் பாட்டைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். அமைப்பு பழையதுதான், பன்னிரண்டு தாளச் சுற்றுகளில் ஒரு பத்தி முடியும் வழக்கமான ப்ளூஸ். சொல்வதும் பழைய சங்கதி: ஆதரவு இல்லாமல், கடலில் திசை தெரியாத கப்பலாக அலைகிறேன் என்பது. புதியது குரல். அதற்கு முன் பெயர் பெற்ற ப்ளூஸ் பாடகர்களில் பலர் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உரக்கப் பாடினார்கள். கான்சஸ் சிட்டியின் ஜோ டர்னர் மைக்கே இல்லாமல் ஒரு பெரிய இசைக்குழுவை மீறிப் பாடக்கூடியவர். பிரவுன் மைக்கை நம்பினார். மூடப்போகிற ஹோட்டலில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுவது போலப் பாடினார். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் தங்கி, சொல்லின் கடைசி உயிரெழுத்தை மட்டும் கொஞ்சம் இழுத்து, இரண்டு மூன்று ஸ்வரங்களில் வளைத்துவிட்டு விட்டுவிடுவார். அழுகை வரும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அவர் பேசாமல் இருப்பார். பியானோ பேசும்.

எனக்குக் கொஞ்சம் கீபோர்டு வாசிக்க வரும். பிரவுனின் வரிகளுக்கு நடுவே வரும் அந்தச் சின்னச் சின்ன வலக்கை ஓட்டங்களை எடுக்க முயன்றிருக்கிறேன். ஸ்வரங்கள் கடினமே இல்லை. கடினம் எங்கே என்றால், எவ்வளவு குறைவாக வாசிப்பது என்பதில். இடக்கை ஏறக்குறைய நடந்து போகிறது. வலக்கை, பாடிய வரிக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு விலகிவிடுகிறது. அந்த பதிலிலேயே பாட்டி வீட்டு செவ்வியல் பயிற்சியும் சபையில் கேட்ட கீதமும் சேர்ந்து வருகின்றன. வேறொருவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் ஒரு பெருங்கலைஞர், தன் பாட்டுக்கே பக்கவாத்தியமாக அமைந்துவிட்டார் என்று சொல்லலாம்.

'ட்ரிஃப்டிங் ப்ளூஸ்' பெரிய வெற்றி. 1946இல் கேஷ் பாக்ஸ் என்ற இசைத்துறை இதழின் பரிசும் கிடைத்தது. 1947 கடைசியில் எக்ஸ்குளூசிவ் கம்பெனிக்காக 'மெர்ரி கிறிஸ்மஸ் பேபி' வந்தது. கோலிடமிருந்து விலகிய ஆஸ்கர் மூரும் அதற்குள் அண்ணனோடு வந்து சேர்ந்துவிட்டார். ப்ளூஸில் கிறிஸ்துமஸ் என்றால் அதற்கு முன்னும் பாட்டுகள் உண்டு. இது போல நிலைத்தது வேறில்லை. சக் பெர்ரி பாடினார், ஓட்டிஸ் ரெடிங் பாடினார், எல்விஸ் பிரெஸ்லி பாடினார்.

ஆனால் அந்த இசைத்தட்டில் பாட்டு எழுதியவர்கள் என்று இருப்பது லூ பாக்ஸ்டர், ஜானி மூர் பெயர்கள். பாக்ஸ்டர் கொடுத்த ஒரு பாட்டைத் தானே மாற்றி எழுதியதாகவும், அவருக்கு மருத்துவச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டதால் உதவியதாகவும் பிரவுன் கடைசிவரை சொல்லிவந்தார். இசைத்தட்டின் மேல் பெரிய எழுத்தில் குழுவின் பெயர், அதாவது மூரின் பெயர். வாங்குகிறவர்கள் கேட்பதோ பிரவுனின் குரலுக்காக. பேர் ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கு. பணப் பங்கிலும் மனக்கசப்பு வளர, 1948இல் பிரவுன் வெளியேறினார். மூர் அந்த இடத்துக்கு பில்லி வாலன்டைன் என்ற பாடகரைச் சேர்த்துக்கொண்டார். அதற்குள் மேற்குக் கரை முழுக்க பிரவுன் பாணியில் பாடுகிறவர்கள் முளைத்திருந்தார்கள். அவர்களில் ஃப்ளாய்ட் டிக்சனை எனக்குப் பிடிக்கும், தன் சொந்தக் குறும்பையும் சேர்த்துக்கொண்டவர்.

சரி, தனியாகப் போன பிறகு என்ன ஆனது? உச்சிக்குப் போனார். ஃபிலோவே பெயர் மாறி அலாடின் ஆகியிருந்தது. அந்தக் கம்பெனிக்காக 1949இல் 'ட்ரபிள் ப்ளூஸ்'. பில்போர்டு இதழ் கறுப்பின இசைக்கான பட்டியலுக்கு 'ரேஸ்' (இனம்) என்றிருந்த பெயரை நீக்கி 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது அந்த ஆண்டில்தான். அந்தப் பட்டியலில் 'ட்ரபிள் ப்ளூஸ்' 15 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 1951இல் 'பிளாக் நைட்' 14 வாரங்கள்.

'பிளாக் நைட்' ஜெஸ்ஸி மே ராபின்சன் என்ற பெண் எழுதியது. காதலி போய்விட்டாள், கேட்க நாதியில்லை என்று தொடங்கி, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவரவர் கவலை, சகோதரன் கொரியாவில் என்று நகரும். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஒரு காதல் புலம்பலுக்குள் போர் ஒரே வரியில் வந்துவிட்டுப் போகிறது, பிரவுன் அந்த வரிக்கென்று குரலில் எதையும் கூட்டுவதில்லை. மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்வந்த வீடுகளில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 14 வாரம் முதலிடம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அடுத்த ஆண்டு 'ஹார்ட் டைம்ஸ்'. எழுதியவர்கள் அப்போது பத்தொன்பது வயதைத் தாண்டாத ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும். ராக் அண்ட் ரோலின் பெரும் பாடலாசிரியர்களாகப் பிறகு ஆனவர்கள் பட்டியலில் முதலில் நுழைந்தது பிரவுனின் குரலைப் பிடித்துக்கொண்டுதான்.

இப்போது ரே சார்லஸுக்கு வருகிறேன். ஃபுளோரிடாவில் பிழைப்புக்காக வாசித்த பதின்ம வயதில், நாட் கிங் கோலையும் சார்லஸ் பிரவுனையும் அச்சு அசலாகப் பாவித்துப் பாடிச் சம்பாதித்ததை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 1949இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டு 'கன்ஃபெஷன் ப்ளூஸ்' கேட்டுப் பாருங்கள். பியானோ, கிட்டார், பேஸ், ஒதுங்கி நிற்கும் குரல். யாராவது பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டினால் பிரவுன் என்றே நினைப்பீர்கள். 1954இல் 'ஐ காட் அ வுமன்' பதிவானபோது சபையின் கதறல் உள்ளே வந்தது. அன்றிலிருந்து சோல் இசையின் கணக்கு தொடங்குகிறது என்பார்கள், அதற்கு முந்தையதெல்லாம் வெறும் நகல் காலம் என்று தள்ளிவிடுவார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதறலுக்கு எடை வருவதே அதற்கு முன்னால் அடக்கி வைத்திருப்பதால்தான். ரே சார்லஸின் மெதுவான பாட்டுகளில், 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' மாதிரி ஒன்றில், தாளத்துக்குப் பின்னால் தங்குவதும், வரி முடிந்ததும் பியானோவை பதில் சொல்லவிடுவதும், ஒரே சொல்லைக் கடைசியில் வளைப்பதும் எங்கிருந்து வந்தவை? தேவாலயத்தில் அதற்கு நேரமில்லை, அங்கே சபை உடனே பதில் சொல்லிவிடும். அந்தப் பொறுமை சென்ட்ரல் அவென்யூவின் இரவு விடுதிகளில் பழகியது. சோலுக்குத் தேவாலயம் தாய் என்றால், அந்த விடுதியும் பெற்ற உறவுதான். பிரவுனை ப்ளூஸ் என்ற அலமாரியில் மட்டும் வைத்துப் பூட்டுவதால் இது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

சாம் குக்கின் கதையும் இருக்கிறது. 1959இல் பிரவுனும் அவருடைய நண்பரும் பியானோ கலைஞருமான ஏமஸ் மில்பர்னும் சேர்ந்து 'ஐ வான்ட் டு கோ ஹோம்' பாடினார்கள். 1962இல் குக் பாடிப் புகழ்பெற்ற 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' அதை அடிப்படையாகக் கொண்டது. குக்கோடு லூ ரால்ஸ் இரண்டாம் குரலில் கலந்து பாடும் அந்த அமைப்பே பழைய இருவர் பாட்டின் நீட்சி. குக்கின் பாட்டு சோல் இசையின் தூண்களில் ஒன்று. எனக்கும் உயிர். ஆனால் முன்னதைக் கேட்ட பிறகு பின்னதை முன்போலக் கேட்க முடியவில்லை.

ஐம்பதுகளின் நடுவே ராக் அண்ட் ரோல் வந்து எல்லாவற்றையும் வேகமாக்கியது. பதின்ம வயதினர் இசைத்தட்டு வாங்கத் தொடங்கியதும் நடு இரவு ப்ளூஸுக்கு இடம் சுருங்கியது. பிரவுனும் மில்பர்னும் சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன கென்டக்கியின் நியூபோர்ட்டில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சின்சினாட்டியில் கிங் ரெக்கார்ட்ஸ். அதன் முதலாளி சிட் நேதன் இன்னொரு கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டார். ஜீன் ரெட்டோடு சேர்ந்து எழுதி 1960இல் வந்ததுதான் 'ப்ளீஸ் கம் ஹோம் ஃபார் கிறிஸ்மஸ்'. மறுபக்கத்தில் மில்பர்னின் கிறிஸ்துமஸ் பாட்டு. இதில் பியானோ மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே போகும், அந்தக் காலத்து சோல் பாட்டுகளின் அதே நடை. 1978இல் ஈகிள்ஸ் குழு பாடியதால் ராக் ரசிகர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இதில் எழுதியவர் இடத்தில் பிரவுனின் பெயர் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

அறுபதுகளும் எழுபதுகளும் நல்ல காலம் இல்லை. சின்னக் கம்பெனிகள், சின்ன விடுதிகள், அப்புறம் குதிரைப் பந்தயம். பந்தயத்தில் அவருக்கு இருந்த மோகம் ஊரறிந்தது, கையில் வந்த பணம் நிற்காததற்கு அதுவும் காரணம். எல்லாப் பழியையும் ரெக்கார்டு கம்பெனிகள் மேல் போட்டுவிட எனக்கு ஆசைதான், ஆனால் அது முழு உண்மையாக இருக்காது.

எண்பதுகளில் நியூயார்க்கின் டிராம்ப்ஸ் விடுதியில் வாசித்தது திருப்பம். 1986இல் 'ஒன் மோர் ஃபார் தி ரோட்' ஆல்பம். 1989இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் முதன்முதலாக முன்னோடிகளுக்கு விருது கொடுத்தபோது அந்தப் பட்டியலில் அவரும் இருந்தார். அந்தச் சமயத்தில் ப்ளூஸ், ராக் பாடகி போனி ரெய்ட்டுக்கு பெரும் வெற்றி கிடைத்தது, 1990இல் கிராமி விருதுகள் குவிந்தன. தன் கச்சேரிப் பயணத்தில் அவர் பிரவுனைத் தனக்கு முன்னால் மேடையேறும் கலைஞராக அழைத்துக்கொண்டு போனார். பெர்க்லியில் முதியோர் குடியிருப்பில் இருந்த ஒருவர், ஆயிரக்கணக்கான பேர் முன்னால், பளபளக்கும் கோட்டும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்தார். கூட்டத்துக்காக வேகத்தைக் கூட்டவில்லை. அதே நடை, அதே தணிந்த குரல். ரெய்ட் செய்தது உபகாரம் என்று சொல்லிக் கடந்துவிட மாட்டேன். யாரிடமிருந்து வந்தோம் என்று தெரிந்தவர் செய்யும் காரியம் அது.

அதன் பிறகு வந்த பத்தாண்டு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1990இல் 'ஆல் மை லைஃப்', டாக்டர் ஜானும் ரூத் பிரவுனும் விருந்தினராக வந்தார்கள். தொடர்ந்து பல ஆல்பங்கள், 1998இல் 'சோ கோஸ் லவ்' வரை. கிட்டாரில் டேனி காரன், சாக்ஸபோனில் கிளிஃபோர்ட் சாலமன், பேஸில் ரூத் டேவிஸ். காரன் ஒரு வரிக்கும் குறுக்கே வராமல் வாசிக்கும் விதம் தனியாகக் கேட்க வேண்டியது. குரல் கனத்திருந்தது, கீழே இறங்கியிருந்தது. ஆனால் மெதுவாகப் பாடுபவருக்கு வயது பகையாக வருவதில்லை. உச்ச ஸ்தாயியை நம்பிப் பெயர் வாங்கியவர்கள் அறுபதில் திணறுவார்கள். இவருக்கு இழக்க அப்படி எதுவும் இல்லை. எழுபதைத் தாண்டியும் பாட்டு ஆழமாகிக்கொண்டேதான் போனது.

1997இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது. 1999 ஜனவரி 21ஆம் தேதி ஓக்லண்டில், இதயம் செயலிழந்து இறந்தார். வயது 76. அதே ஆண்டு மார்ச்சில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில், முன்னோடிகள் பிரிவில் சேர்க்கப்பட்டார். இரண்டு மாதம். அவ்வளவுதான் தாமதம், ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: கிறிஸ்துமஸ் பாட்டுகளில் தொடங்காதீர்கள், அவை ஏற்கெனவே காதில் தேய்ந்தவை. முதலில் 'ஆல் மை லைஃப்' போடுங்கள், ஒலிப்பதிவு தெளிவாக இருக்கும், பியானோ எங்கே பதில் சொல்கிறது என்பது பிடிபடும். அப்புறம் 'பிளாக் நைட்'. அதற்கடுத்து 1945இன் 'ட்ரிஃப்டிங் ப்ளூஸ்', கீறல் சத்தத்தோடு. விடாமல் தொற்றிக்கொண்டால், அவருடைய அலாடின் பதிவுகள் முழுவதையும் மோசாயிக் நிறுவனம் 1994இல் 5 குறுந்தகடுகளாகத் தொகுத்தது. பழைய தட்டு விற்பவர்களிடம் சில நேரம் கிடைக்கும், விலை கூடுதல்தான், பேரம் பேசிப் பாருங்கள்.